மூன்றாம் முறையும் போகலாமா?



இப்பகுதிக்கு வரும் மடல்கள் பெரும்பாலும் வீட்டுக் கவலைகளைச் சுமந்து வருவன. மகளின் திருமணம், மகனின் வேலை, பாகப்பிரிவினை, குடிப்பழக்கம் என்று அவை நீளும். சென்ற மாதம் வந்த ஒரு மடல் வேறு வகையானது. எழுதிய சகோதரியின் இசைவு பெற்று, ஊரையும் பெயரையும் நீக்கி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருடைய கணவர் உயர்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். துருவப் பகுதிகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் வடதுருவ ஒளியை வரைந்து காட்டுவாராம். பிறகு வீட்டுக்கு வந்து, "பார்க்காத ஒன்றைப் பார்த்தவன்போல இந்த ஆண்டும் சொல்லிவிட்டு வந்தேன்" என்று சிரிப்பாராம். மகள் ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரிகிறார். தந்தையின் நெடுநாள் ஆசையை நிறைவேற்ற விரும்பிய அவர், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெற்றோரைத் தம்மிடம் வரவழைத்து, முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல், நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள ட்ரோம்சோ நகருக்குச் சீட்டு எடுத்துவிட்டார். சீட்டைக் கண்டவுடனேயே தந்தைக்கு விளங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் அங்கே நள்ளிரவிலும் கதிரவன் மறைவதில்லை. இருள் இல்லாத வானில் துருவ ஒளியைக் காண இயலாது. ஆயினும் மகளின் மனம் நோகலாகாது என்று அவர் வாய் திறக்கவில்லை. "நள்ளிரவுச் சூரியனைக் கண்டோம், அதுவே போதும்" என்று சொல்லித் திரும்பினார்.

2024 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விடுமுறையின்போது மறுபடியும் சென்றனர். நான்கு இரவுகள் தங்கினர். நான்கு இரவுகளும் மேகமும் பனிப்பொழிவுமாகவே கழிந்தன. இப்போது அவருக்குக் குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் கண்டிருக்கிறது. இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்தைத் தவறாமல் இடவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகளோ, "வரும் பனிக்காலத்தில் இன்னொரு முறை வாருங்கள்" என்று அழைக்கிறார். கணவர் மறுக்கிறார். "இரண்டு முறை கதவைத் தட்டியாயிற்று, திறக்கவில்லை. பிள்ளையின் பணத்தை இன்னும் கரைக்கவேண்டா" என்பது அவர் வாதம்.

சகோதரி கேட்கும் கேள்விகள் மூன்று. இரண்டு முறை தடைப்பட்டதால், நாங்கள் அதைக் காண்பது இறைவனின் திருவுளம் இல்லையென்று கொள்ளலாமா? ஓர் ஒளியைப் பார்ப்பதற்காக இவ்வளவு செலவு செய்வது கண்களின் பேராசை ஆகாதா? போவதென்றால், மூன்றாம் முறையும் ஏமாறாமலிருக்க என்ன செய்யவேண்டும்?

நான் அவ்வொளியை நேரில் கண்டவனல்லன். கண்டவர்களும் ஆராய்ந்தவர்களும் எழுதியவற்றை விருப்பத்தோடு படித்தவன். அந்த அளவில் விடை சொல்ல முயல்கிறேன்.

முதற்கண், சகோதரியின் கணவர் நன்கறிந்த ஒரு செய்தியை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லவேண்டும். வடதுருவ ஒளி என்பது எப்போதோ ஒரு நாள் தோன்றி மறையும் அதிசயம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. கதிரவனிலிருந்து மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் இடையறாது வீசிக்கொண்டிருக்கின்றன. இதைச் சூரியக் காற்று என்பர். நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து பூமியை எட்ட அதற்கு நான்கு நாள்கள் ஆகும். சீற்றம் மிகுந்த வேளைகளில் ஓரிரு நாள்களே போதும். பூமியின் காந்தப் புலம் அதைத் தடுத்து ஒதுக்கிவிடுகிறது. ஆயினும் அதன் ஆற்றலில் ஒரு பகுதி, பூமியின் இரவுப் பக்கத்தில் நெடிய வால்போல் நீண்டிருக்கும் காந்தப் புலத்தில் சேர்ந்துகொண்டே வருகிறது. அது விடுபடும்போது எலெக்ட்ரான்கள் விரைவூட்டப்பட்டுக் காந்தக் கோடுகளின் வழியே கீழிறங்கி, மேல் வளிமண்டலத்தின் அணுக்களைத் தாக்குகின்றன. தாக்குண்ட அணுக்கள் தாம் பெற்ற ஆற்றலை ஒளியாகத் திருப்பித் தருகின்றன.

இவ்வொளி காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக அமைகிறது. அமெரிக்க அறிஞர் எலியாஸ் லூமிஸ் 1860-இலேயே இவ்வொளி மிகுதியாகத் தோன்றும் பட்டையை வரைபடமாக வெளியிட்டார். இன்று செயற்கைக்கோள்கள் அவ்வளையத்தை வெளியிலிருந்து பார்க்கின்றன. மங்கியும் ஒளிர்ந்தும், சுருங்கியும் விரிந்தும், ஏறக்குறைய எந்நாளும் அது இருந்துகொண்டேயிருக்கிறது. ட்ரோம்சோ நகரம் அந்த வளையத்தின் அடியில் அமைந்துள்ளது.

ஒளியின் உயரத்தையும் இங்கே நினைவிற்கொள்ளவேண்டும். நார்வே நாட்டுக் கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர், 1910 முதற்கொண்டு, தொலைபேசியால் இணைக்கப்பட்ட இரு நிலையங்களிலிருந்து ஒரே நொடியில் படம் எடுத்து அந்த உயரத்தை அளந்தார். ஒளித்திரையின் கீழ் விளிம்பே தரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. மழையும் பனியும் தரும் மேகங்களோ அப்பகுதியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால், சகோதரியே, 2024 டிசம்பரின் அந்த நான்கு இரவுகளில் நடந்தது என்ன? ஒளி வராமல் போயிற்று என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேலே, மேகங்களைப்போலப் பத்து மடங்கு உயரத்தில், அது இருந்திருக்கவே கூடும். 2023 ஜூன் மாதத்திலும் அப்படியே. முதல் முறை கதிரவனின் பேரொளி அதை மறைத்தது. மறுமுறை தாழ்ந்த மேகம் மறைத்தது. மறைத்தவை இரண்டும் நமக்கு அருகிலுள்ளவை. நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டியது தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் கணவர் சொல்லும் கதவு மூடியிருக்கவில்லை. வாசலில் ஒரு திரை தொங்கிற்று, அவ்வளவே. திரையென்றால் விலகும், விலகாவிட்டால் நாம் சற்று நகர்ந்து நிற்கலாம்.

இனி முதற் கேள்விக்கு வருகிறேன். தடை வந்தால் அது திருவுளத்தின் அடையாளமா? இதற்கு 1769-ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்ல இருந்தது. அதை உலகின் பல இடங்களிலிருந்து அளந்தால் கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம். அந்த வாய்ப்பை விட்டால் அடுத்தது 1874-இல்தான். ஆகவே பல நாட்டு அறிஞர்கள் உலகின் மூலைகளுக்கெல்லாம் விரைந்தனர். அவர்களுள் ஒருவர் வியன்னா வான்காட்சிக் கூடத்தின் தலைவரும் இயேசு சபைக் குருவுமான மாக்சிமிலியன் ஹெல். டென்மார்க்-நார்வே மன்னரின் அழைப்பை ஏற்று, தம் சபைத் தோழர் ஒருவருடன் 1768 ஏப்ரலில் புறப்பட்டு, அக்டோபரில் நார்வேயின் வடகிழக்கு முனையிலுள்ள வார்டோ தீவை அடைந்தார். நெடிய துருவ இரவை அங்கேயே கழித்தார். வடதுருவ ஒளியின் கீழ் ஒரு பனிக்காலம் முழுதும் வாழ்ந்தவர் அவர். குறித்த நாளன்று வானில் மேகம் திரண்டது. எனினும் உரிய வேளையில் அது விலகி வழிவிட, அவர் தம் அளவீட்டை முடித்தார்.

அதே நிகழ்ச்சிக்காக நம் புதுச்சேரியில் காத்திருந்தவர் பிரெஞ்சு அறிஞர் லெ ழான்டீல். 1761-ஆம் ஆண்டு நிகழ்ந்த வெள்ளிக் கடப்பைக் காண அவர் 1760-இலேயே பிரான்சைவிட்டுப் புறப்பட்டார். ஆனால் புதுச்சேரியை ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தமையால் கரையேற இயலவில்லை. ஆடும் கப்பலின் தளத்தில் நின்று துல்லியமாக அளக்கவும் முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழை நாடுகளிலேயே தங்கினார். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமானபின் 1768-இல் அங்கே வந்து, கருவிகளை அமைத்துக் காத்திருந்தார். முந்திய இரவு வானம் தெளிவாகவே இருந்தது. நம் கணக்கில் ஜூன் 4-ஆம் நாளாகிய அந்த விடியற்காலையில் மேகம் சூழ்ந்தது. எல்லாம் முடிந்தபின்னரே கதிரவன் வெளிவந்தான். 1771-இல் அவர் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டார் என்றே உறவினர் எண்ணியிருந்தனர்.

ஹெல் அடிகளார் நல்லவர், லெ ழான்டீல் தீயவர் என்று யாரேனும் சொல்வார்களா? வார்டோவில் செபம் கேட்கப்பட்டது, புதுச்சேரியில் மறுக்கப்பட்டது என்று தீர்ப்புக் கூற நமக்கு என்ன உரிமை உண்டு? காற்றும் ஈரமும் வெப்பமும் கூடிய இடத்தில் மேகம் உண்டாகிறது. கீழே நிற்பவரின் தகுதியை அது அறியாது. மேலும், கண்டவருக்கு எல்லாம் இனிதே முடிந்தது என்றும் இல்லை. ஹெல் அடிகளார் தம் அளவீடுகளைத் திருத்திவிட்டார் என்ற பழி பின்னாளில் அவர்மேல் விழுந்தது. அவர் 1792-இல் இறந்தார். மூல ஏடுகளை ஆராய்ந்து சைமன் நியூகோம் என்னும் அமெரிக்க வானியலார் அப்பழியைத் துடைத்தது 1883-இல். வடதுருவ ஒளியைப் பற்றி அடிகளார் கொண்ட கருத்தும் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. பனித் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியே அது என்று அவர் எண்ணியிருந்தார்.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. 2024 மே மாதம் 10, 11 ஆகிய நாள்களில், 2003-க்குப் பிறகு காணாத பெரும் காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. ஒளி வளையம் வெகுவாக விரிந்து தெற்கே இறங்கிற்று. நம் நாட்டின் லடாக்கில், ஹான்லே வான்காட்சி நிலையத்தின் படக்கருவிகளில்கூட வடக்கு அடிவானம் சிவந்து பதிவாயிற்று. ஆனால் ட்ரோம்சோவில் அது இரவு முழுதும் இருள் சூழாத பருவம். ஆண்டுதோறும் பனிக்காலத்தில் இவ்வொளியோடு வாழும் மக்களுக்கு அந்தப் பெருவிழா வெளிர்ந்த வானில் கரைந்துபோயிற்று. இதில் யாருக்கு வெகுமதி, யாருக்குத் தண்டனை?

ஆகவே, சகோதரியே, இரண்டு ஏமாற்றங்களையும் அடையாளங்களாகப் படிக்காதீர்கள். திருவுளத்தை அறிய நமக்கு மனச்சான்றும் அறிவும் அன்பும் தரப்பட்டுள்ளன. வானிலை அறிக்கையில் அதைத் தேடவேண்டா.

இரண்டாவது கேள்வி, கண்களின் பேராசை பற்றியது. எட்மண்ட் ஹாலியின் பெயரை வால்மீனோடு சேர்த்து நம் பிள்ளைகளும் அறிவர். 1656-இல் பிறந்த அவர் வானத்தைப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ஆனால் 1645 முதல் 1715 வரையிலான காலத்தில் கதிரவனின் கரும்புள்ளிகள் மிக அருகிப்போயின. அதனால் இங்கிலாந்து வானில் துருவ ஒளி தோன்றுவதும் அரிதாயிற்று. 1716 மார்ச் மாதம் இலண்டன் வானில் அது பெருஞ்சிறப்போடு தோன்றியபோது ஹாலிக்கு வயது 59. பிற வானக்காட்சிகளையெல்லாம் கண்டிருந்த தாம் இதை ஒன்றைமட்டும் கண்டதில்லை என்றும், இனிக் காண்போம் என்ற நம்பிக்கையையே இழக்கத் தொடங்கியிருந்ததாகவும் அவர் எழுதினார். அவரைப் பேராசைக்காரர் என்போமா? படைப்பின் ஓர் அழகை ஒரு முறையேனும் காணவேண்டும் என்ற ஏக்கம் மனிதனுக்கு இயல்பானது. 32 ஆண்டுகள் மாணவர்க்கு வரைந்து காட்டியதைத் தம் கண்ணால் ஒரு முறை பார்க்க விரும்பும் ஆசிரியரிடம் நான் குறை காணேன்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடன் வாங்கிப் போகவேண்டா. மகள் தம் உழைப்பில் மீதமானதை மனமுவந்து தருகிறார் என்றால், அதை மறுப்பதை மட்டும் சிக்கனம் என்று நினைத்துவிடலாகாது. பெற்றோர்க்குக் கொடுக்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு மறுப்பதும் ஒருவகைக் கடுமையே. இது முதலாவது.

அடுத்த எச்சரிக்கைக்கு ஒரு கதை தேவை. சோபஸ் ட்ரோம்ஹோல்ட் என்பவர் டென்மார்க்கில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய பள்ளி ஆசிரியர். 1882-83-இல் முதலாவது அனைத்துலகத் துருவ ஆண்டு கொண்டாடப்பட்டபோது, வடதுருவ ஒளியை ஆராய்வதற்காகச் சாமி இன மக்கள் வாழும் கௌதொகைனோ என்னும் உள்நாட்டுச் சிற்றூருக்குச் சென்று ஒரு பனிக்காலம் தங்கினார். ஒளியைப் புகைப்படம் எடுக்கவேண்டும் என்பது அவர் கனவு. அக்காலத்துப் புகைப்படத் தகடுகள் அந்த மெல்லொளியைப் பதிக்கப் போதாமையால், முயன்ற முயற்சிகள் வீணாயின. அவ்வொளியின் முதற் படம் என்று பலராலும் ஏற்கப்படுவது, 1892 ஜனவரியில், ஆல்டா கடற்கழியின் கரையிலுள்ள போசெகோப் அருகே, மார்ட்டின் பிரெண்டல் என்னும் ஜெர்மானியர் எடுத்தது.

வானம் ஒத்துழையாதபோது ட்ரோம்ஹோல்ட் தம் படக்கருவியை மனிதர்கள்பால் திருப்பினார். அவ்வூர் ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் மரியாதையோடு அமரச்செய்து படமெடுத்தார். சாமி மக்களை விந்தைப் பொருள்களாகப் பார்த்த காலத்தில், அவர்களை முகமும் மாண்பும் உடைய மனிதர்களாகக் காட்டிய படங்கள் அவை. 2013-இல் யுனெஸ்கோ நிறுவனம் அத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவர் தேடிச் சென்ற ஒளியின் படம் கிடைக்கவில்லை. தேடாமல் கிடைத்த அந்த முகங்கள் இன்றும் உலகுக்குப் பயன்படுகின்றன.

சகோதரியே, உங்கள் மடலின் ஓரத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு செய்திகளை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஜூன் மாதத்துச் சீட்டைக் கண்டும் மகளுக்காக உங்கள் கணவர் வாய் திறவாதது ஒன்று. டிசம்பரில், பனிக்கட்டி படர்ந்த தெருவில் வழுக்கி விழாமலிருக்க, மணமாகி 38 ஆண்டுகளில் முதன்முறையாக அவர் ஊரார் காணும்படி உங்கள் கையைப் பற்றிக்கொண்டு நடந்தது மற்றொன்று. இரண்டு பயணங்களும் வீண் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. ஒளியை மட்டுமே கணக்கில் வைத்துப் பயணத்தை அளக்கவேண்டா என்பதே என் இரண்டாவது எச்சரிக்கை.

இனி மூன்றாவது கேள்வி: என்ன செய்யவேண்டும்?

பருவத்தை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த வடகோடியில் செப்டம்பர் முதல் மார்ச் முடியவே போதிய இருள் உண்டு. டிசம்பரில் இருள் மிகுதி என்பது உண்மையே. ஆனால் இருளோடு கடற்கரை மேகமும் கூடி நிற்கலாம். இரவும் பகலும் ஏறக்குறைய ஒத்திருக்கும் செப்டம்பர், மார்ச் மாதங்களில் காந்தப் புலத்தின் கிளர்ச்சி சற்று மிகுதியாக இருப்பதை அறிஞர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றனர். மார்ச் மாதத்தில் பகல் வெளிச்சமும் கிடைப்பதால், முதியோர்க்குப் பகற்பொழுது சுமையாக இராது. கதிரவனின் கிளர்ச்சி ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை உச்சத்தை எட்டும். அந்த உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவியலார் அறிவித்தனர். உச்சத்திற்குப் பின் வரும் சில ஆண்டுகளிலும் நல்ல ஒளிக்குப் பஞ்சமிராது. அமாவாசையை ஒட்டிய வாரம் கிடைத்தால் மங்கலான ஒளியும் புலப்படும்.

அடுத்தது இடம். ட்ரோம்சோ கடல் சூழ்ந்த தீவு நகரம். வெப்பக் கடல் நீரோட்டத்தால் அங்கே குளிர் மட்டுப்படுகிறது. அதனாலேயே ஈரக்காற்றும் மேகமும் மிகுகின்றன. ஆண்டில் ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழையும் பனியும் பெய்கின்றன. மலைகளுக்கு அப்பால், சுவீடன் நாட்டு எல்லைக்குள் அமைந்த அபிஸ்கோ என்னும் சிற்றூர் மழை மறைவுப் பகுதி. அங்கே ஏறத்தாழ 300 மில்லிமீட்டரே பெய்கிறது. கிரூனா நகரிலிருந்து அங்கே இரயிலிலேயே செல்லலாம். மேலே சொன்ன ஆல்டாவும் தெளிந்த வானுக்குப் பெயர் பெற்றது. 1838-39-இல் பிரெஞ்சு ஆய்வுக்குழு ஒன்று பனிக்காலம் முழுதும் தங்கி இவ்வொளியை ஆராய்ந்தது அங்குள்ள போசெகோப்பில்தான். 1899-இல் கிறிஸ்தியான் பிர்க்கலன் என்னும் நார்வே அறிஞர் ஆராய்ச்சி நிலையம் கட்டியதும் ஆல்டாவை அடுத்த ஹால்டே மலையுச்சியில்தான். ட்ரோம்சோவிலேயே தங்க நேர்ந்தாலும், மேகம் சூழ்ந்த இரவில் வாடகை வண்டியில் உள்நாட்டுப் பக்கமாக ஒன்றிரண்டு மணி நேரம் சென்றால் தெளிந்த வானம் வாய்க்கக்கூடும். ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு அத்தகையது. திரை விலகும்வரை ஒரே இடத்தில் நிற்கவேண்டிய கட்டாயமில்லை.

மூன்றாவதாக நாள்கள். ஒரு பேச்சுக்கு, ஒவ்வோர் இரவும் வானம் தெளியும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவுகள் தங்கினால், நான்கும் மூடியே இருக்க நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு வாய்ப்புண்டு. ஏழு இரவுகள் தங்கினால் அது 6 பங்காகக் குறைந்துவிடும். மேகம் நாள்கணக்கில் தங்கும் இயல்புடையதாகையால் உண்மைக் கணக்கு இவ்வளவு எளிதாக இராது. எனினும் நீங்கள் டிசம்பரில் கண்ட ஏமாற்றம் அரியதொரு துரதிருஷ்டமில்லை என்பதும், மூன்று இரவுகளைக் கூட்டினால் நிலைமை பெரிதும் மாறும் என்பதும் இதனால் விளங்கும். ஆடம்பர விடுதியில் நான்கு இரவுகளைவிட எளிய விடுதியில் ஏழு இரவுகள் மேல்.

நான்காவது, காத்திருக்கும் முறை. 1964-இல் ஜப்பானிய அறிஞர் அகாசோபு இவ்வொளியின் ஒழுங்கை வகுத்துக் காட்டினார். முதலில் கிழக்கு மேற்காக ஓர் அமைதியான வில் தோன்றும். நெடுநேரம் ஒன்றும் நிகழாததுபோலவே இருக்கும். திடீரென அவ்வில் பிரகாசமடைந்து, உடைந்து, திரைகளாக ஆடத் தொடங்கும். சில நிமிடங்களிலேயே அந்த உச்சம் முடிந்து, ஒளி சிதறி மங்கும். ஓரிரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எழலாம். பெரும்பாலும் இரவு 9 மணிக்கும் 1 மணிக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கு ஏற்றது. மங்கிய வில்லைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று உள்ளே போய்ப் படுத்துவிடாதீர்கள்.

ஐந்தாவதாகக் கண்களைப் பற்றி. இதை உங்கள் கணவரிடம் முன்னரே சொல்லிவையுங்கள். இருளுக்கு நம் கண் முழுவதும் பழக அரை மணி நேரம் ஆகும். இடையில் ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். மெல்லொளியில் வண்ணங்களைப் பிரித்தறியும் ஆற்றல் நல்ல கண்ணுக்கும் குறைவு. ஆகவே மங்கலான துருவ ஒளி சாம்பல் நிற மேகம்போலவே தோன்றும். படக்கருவி சில நொடிகள் ஒளியைச் சேர்த்துப் பதிப்பதால் படங்களில் பச்சை மிகுந்து தெரிகிறது. ஒளி வலுக்கும்போது பச்சையைக் கண்ணாலும் காணலாம். கண்ணழுத்த நோய் உள்ளவர்க்கு இருளில் பார்ப்பது மேலும் கடினமாகையால், புறப்படுமுன் கண் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். சொட்டு மருந்தைக் கைப்பையில் கொண்டுசெல்லுங்கள். வெளியே நிற்கும்போது அது உறையாதபடி உட்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் குளிர் உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் அப்பால் இறங்கக்கூடும். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகள் அங்கே கடைகளில் விற்கின்றன. அவற்றை வாங்க மறவாதீர்கள். கணவரின் கையை விடவும் வேண்டா.

ஞாயிறு திருப்பலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ட்ரோம்சோவில் நம் கத்தோலிக்கப் பேராலயம் உண்டு. 1861-இல் மரத்தால் கட்டப்பட்ட சிறிய ஆலயம் அது. அந்த வடகோடியில் தமிழ்க் குரலைக் கேட்க நேர்ந்தாலும் வியப்படையாதீர்கள். இலங்கையின் துயர நாள்களில் அங்கிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பலர், 1980-களின் பிற்பகுதி முதல், நார்வேயின் வடகோடி மீன் ஆலைகளில் உழைத்து வாழ்ந்தனர்.

இவ்வளவும் செய்து, மூன்றாம் முறையும் மேகம் கவிந்துவிட்டால்? அதற்கும் உங்கள் மனம் ஆயத்தமாக இருக்கவேண்டும். பகற்பொழுதுகளுக்கென்று தனியே ஒரு திட்டம் வகுத்துக்கொள்ளுங்கள். ஆல்டாவில், முற்கால மனிதர் பாறைகளில் செதுக்கிய மான்களும் படகுகளும் 1985 முதல் உலக மரபுச் சின்னங்களாகப் பேணப்படுகின்றன. மார்ச் மாதத்தில் அவற்றைப் பனி மூடியிருக்கலாம். எனினும் அருகிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. ஹால்டே மலையுச்சியைக் கீழிருந்தே சுட்டிக்காட்டலாம். அந்நிலையத்தைக் கட்டிய பிர்க்கலன், கதிரவனிலிருந்து வரும் துகள்களே இவ்வொளிக்குக் காரணம் என்றும், காந்தக் கோடுகளின் வழியே மின்னோட்டம் பாய்கிறது என்றும் கூறினார். அம்மலைப் பணியின்போது அவருடைய குழுவைச் சேர்ந்த ஒருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார். பிர்க்கலனும் 1917-இல் மறைந்தார். அவர் சொன்ன மின்னோட்டத்திற்குச் செயற்கைக்கோள்கள் சான்று தந்தபோது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. புவியியல் ஆசிரியர் ஒருவருக்கு அம்மலையின் அடியில் நிற்பதும் சிறிய பேறன்று.

உங்கள் கணவருக்காக இன்னும் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அவர் இதை விரும்புவார். தாக்குண்ட உயிர்வளி அணு பச்சை ஒளியை வெளியிட முக்கால் நொடி அளவு காத்திருக்கிறது. சிவப்பு ஒளியை வெளியிடவோ, ஏறக்குறைய 110 நொடிகள் காத்திருக்கிறது. அணுவின் உலகில் இது மிக நீண்ட காலம். அதற்குள் வேறோர் அணு வந்து மோதிவிட்டால் ஒளி பிறவாது. எனவேதான் நெரிசல் மிகக் குறைந்த, 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மட்டுமே சிவப்பு தோன்றுகிறது. இப்பாடத்தை அவர் வகுப்பில் நடத்தியிருந்தால் மாணவர்க்கு எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

சுருங்கச் சொன்னால் என் விடை இது: போய் வாருங்கள். ஆனால் முடிவை அவர்மேல் சுமத்தாதீர்கள். இம்மடலை அவருக்குப் படித்துக் காட்டி, மகளையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, மூவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவருடைய தயக்கம் பணத்தைப் பற்றியதா, மூன்றாம் ஏமாற்றத்தைப் பற்றியதா, அல்லது ஒளி வந்தும் தம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற அச்சமா என்று மெல்லக் கேளுங்கள். மடலில் அவர் சொன்னதாக நீங்கள் எழுதியவற்றுள் இக்கடைசி அச்சம் இல்லை. ஆனால் ஆண்மக்கள் எளிதில் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் அது, ஆகவேதான் குறிப்பிடுகிறேன்.

அப்படி ஓர் அச்சம் இருந்தால், அதற்கும் வழியுண்டு. அவருடைய பார்வையின் விளிம்புகள் குறுகியிருக்கலாம். வானத்தின் ஒரு பகுதி அவருக்குப் புலப்படாமல் போகலாம். அப்போது நீங்கள் அருகில் நின்று, "இப்போது இடப்பக்கம் எழுகிறது, இப்போது தலைக்கு மேலே மடிகிறது, கீழோரம் சிவக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். 32 ஆண்டுகள், தாம் காணாததை மாணவர் காணும்படி சொன்னவர் அவர். ஓர் இரவு நீங்கள் சொல்ல அவர் கேட்கட்டும்.

உங்கள் இல்லத்தில் அமைதி நிலவ வேண்டுகிறேன். திரும்பி வந்ததும், வானம் தெளிந்ததோ மூடியதோ, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை